1958 லீக் கோப்பையும் கொல்கத்தாவின் நட்சத்திரங்களும்: ஒரு மறுவாசிப்பு

கொல்கத்தாக் கால்பந்தைப் பற்றிய எழுத்துகளில் ஒரு வாசிப்பு கேள்வியின்றி நிலைபெற்றுவிட்டது. 1983 ஜூன் 25 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் கபில்தேவ் கிரிக்கெட் உலகக் கோப்பையை வாங்கினார். தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்தது. வங்காளத்துப் பையன்கள் பந்தை விட்டு மட்டையைப் பிடித்தார்கள். 1996இல் சௌரவ் கங்குலி எழுந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது என்பது அதன் சாரம். சைலன் மன்னா, சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி என்று வரிசையாகத் தந்த நகரம் கிருஷானு டேவுக்குப் பிறகு ஏன் வறண்டது என்று கேட்டால் இன்றும் இதே விடைதான் கிடைக்கிறது. இதனை ‘1983 வாசிப்பு’ என்று குறிக்கிறேன். இது தவறான இடத்தில் காரணத்தைத் தேடுகிறது என்பதே என் வாதம்.

முதல் சிக்கல் காலக்கணக்கில் இருக்கிறது. இந்தியா ஒலிம்பிக் கால்பந்தில் கடைசியாக ஆடியது 1960இல், ரோமில். ஆசிய விளையாட்டில் கடைசியாகப் பதக்கம் பெற்றது 1970இல், பாங்காக்கில், அதுவும் வெண்கலம். கபில்தேவ் கோப்பையைத் தொடுவதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பே சரிவு கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

நகரத்தின் பற்றோ அந்தச் சரிவோடு சேர்ந்து இறங்கவில்லை. 1977 செப்டம்பர் 24 அன்று பெலேயின் நியூயார்க் காஸ்மாஸ் அணி ஈடன் கார்டனில் மோகன் பகானோடு ஆடி 2-2 என முடித்தபோது ஊரே திரண்டது. 1997 ஜூலை 13 அன்று சால்ட் லேக் அரங்கில் நடந்த ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு 1,31,000 பேருக்கு மேல் வந்தார்கள். உலகக் கோப்பை வென்று பதினான்கு ஆண்டுகள் கழிந்தும், கங்குலி இந்திய அணியில் ஆடிக்கொண்டிருந்தபோதும் வந்த கூட்டம் இது. ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று மோகன் பகானை வென்ற அந்த ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தவர் பைச்சுங் பூட்டியா. சிக்கிமின் மலைக் கிராமத்தில் பிறந்தவர். பார்க்க வந்தவர்கள் வங்காளிகள், கொண்டாடப்பட்டவர் வெளியூர்க்காரர். 1983 வாசிப்பால் இந்தக் காட்சியை விளக்க முடியாது.

பார்க்கும் ஆசை இருந்தது, ஆடும் ஆசைதான் போய்விட்டது என்று அவ்வாசிப்பை ஏற்பவர்கள் மறுமொழி சொல்லலாம். எளிதில் தள்ளிவிட முடியாத மறுமொழி இது. ஆனால் கிரிக்கெட் ஒளிபரப்பு கேரளத்துக்கும் மணிப்பூருக்கும் மிசோரமுக்கும் சென்றது. அங்கெல்லாம் கால்பந்து வீரர்கள் வருவது நிற்கவில்லை. 2016-17இல் ஐ-லீக் கோப்பையை வென்றது ஐஸ்வால் அணி. ஒரே மழை எல்லா ஊரிலும் பெய்து ஓர் ஊரில் மட்டும் பயிர் அழுகினால், அந்த ஊரின் மண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த மண்ணைக் காட்டும் சான்றாக நான் எடுத்துக்கொள்வது 1958 கல்கத்தா லீக் பட்டியலில் உள்ள ஒரு பெயரை. அந்த ஆண்டு பட்டம் வென்றது ஈஸ்டர்ன் ரயில்வே. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் உள்ளிட்ட மூன்று பெரிய கிளப்புகள் அல்லாத ஓர் அணி அடுத்து இந்தப் பட்டத்தை வெல்ல 61 ஆண்டுகள் ஆயின: 2019இல் பியர்லெஸ். இரண்டுமே அலுவலக அணிகள். வரலாறுகள் 1958ஐ ஓர் அதிசயமாகச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகின்றன.

அந்த அணியின் முகம் பி.கே. பானர்ஜி. 1936இல் ஜல்பைகுரி மாவட்டத்து மயினாகுரியில் பிறந்து ஜாம்ஷெட்பூரில் வளர்ந்தவர். 1954இல் கல்கத்தாவின் ஆர்யன் கிளப்புக்கு வந்தார். மறுஆண்டே ஈஸ்டர்ன் ரயில்வே. அங்கிருந்து கடைசி வரை நகரவில்லை. ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்குத் தலைமை தாங்கி பிரான்ஸுக்கு எதிராக கோல் அடித்தவர், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியில் தென்கொரியாவுக்கு எதிராக கோல் போட்டவர், மோகன் பகானுக்கோ ஈஸ்ட் பெங்காலுக்கோ ஆடியதே இல்லை. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் தரும் வேலை, நாட்டின் தலைசிறந்த வலது விங் ஆட்டக்காரரையும் கட்டிப்போடும் வலிமை பெற்றிருந்தது என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் எனக்குத் தோன்றவில்லை. பேட்டைக் கிளப், கீழ் டிவிஷன், அலுவலக அணி, பெரிய கிளப் என்று ஒரு படிக்கட்டு அங்கே இருந்தது. நடுப்படி வயிற்றுப்பாட்டைப் பார்த்துக்கொண்டது.

பி.கே. நகரத்தில் பிறந்தவர் அல்ல என்பதும் தற்செயல் அன்று. கோஷ்டோ பால் ஃபரீத்பூர்க்காரர், சுனி கோஸ்வாமி மைமன்சிங் பக்கத்துக் கிஷோர்கஞ்சில் பிறந்தவர், சைலன் மன்னா ஹவுரா. 1949 முதல் 1953 வரை ஈஸ்ட் பெங்காலின் ‘பஞ்சபாண்டவர்’ எனப்பட்ட அகமது கான், வெங்கடேஷ், தன்ராஜ், அப்பாராவ், சாலே ஐவருமே தென்னாட்டவர். செகந்திராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த துளசிதாஸ் பலராமும் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடிப் பின் ரயில்வே வேலையில் சேர்ந்து, ஹூக்ளிக் கரையிலுள்ள உத்தர்பாராவிலேயே தங்கிவிட்டார், 2023இல் காலமானார். ஆகவே ‘கல்கத்தா நட்சத்திரங்களை உருவாக்கியது’ என்ற தொடரையே திருத்த வேண்டும். அவர்களை ஈர்த்து, சோறு போட்டு, மெருகேற்றிய நகரம் அது.

ஈர்ப்பு எப்போது தளர்ந்தது? சான்று மெலிந்த இடம் இதுதான். ஆயினும் என் முடிவை அழுத்தமாகவே சொல்கிறேன். 1947 பிரிவினை கிழக்கு வங்க மாவட்டங்களை அறுத்துவிட்டது. அதன் விளைவு உடனே தெரியவில்லை; அங்கே பிறந்து இங்கே வந்துசேர்ந்த தலைமுறை 1960களின் நடுப்பகுதி வரை ஆடிக்கொண்டிருந்தது. அவர்கள் பூட்ஸைக் கழற்றிய காலமும் ஹூக்ளியின் இரு கரைச் சணல் ஆலைகள் நொடியத் தொடங்கிய காலமும் ஏறத்தாழ ஒன்று. ஆலை ஊர்கள் ஒரே நாளில் வற்றிவிடவில்லை. 1970களில் ஷியாம்நகரிலிருந்து சுப்ரத பட்டாச்சார்யா வந்தார், பின்னாளில் சோதேபூரிலிருந்து சுப்ரத பால், உத்தர்பாராவிலிருந்து பிரீதம் கோட்டல். ஆனால் சுப்ரத பால் பயின்றது 1987இல் தொடங்கிய ஜாம்ஷெட்பூர் டாடா அகாடமியில். ஏணியின் நடுப்படி மாநிலத்துக்கு வெளியே போய்விட்டது. 1996இல் தேசிய லீக்கும் 2014இல் ஐ.எஸ்.எல்லும் வந்தபின், தொலைதூரத்து வீரனும் கல்கத்தாவுக்கு வந்தே ஆக வேண்டிய கட்டாயம் நீங்கியது.

இன்னொன்று கவனிக்கத்தக்கது. கிருஷானு டேவுக்குப் பின் வங்காளம் இந்திய அணிக்குத் தந்த பெயர்களில் கோல்கீப்பர்களும் தடுப்பாளர்களுமே மிகுதி: சுப்ரத பால், கோட்டல், சுபாஷிஷ் போஸ். 1980களில் மஜீத் பிஷ்கர், சீமா ஒகோரி ஆகியோர் தொடங்கி முன்வரிசை வெளிநாட்டவர் கைக்குப் போனதோடு இது பொருந்துகிறது. இரண்டும் காரண காரியம் என்று அறுதியிடமாட்டேன். ஆனால் வெளிநாட்டவர் இல்லாத சந்தோஷ் கோப்பையில், 2024 டிசம்பர் 31 அன்று ஹைதராபாத்தில் கேரளத்தை 1-0 என வென்று வங்காளம் 33ஆம் முறை பட்டம் பெற்றபோது, தொடர் முழுவதும் 12 கோல் அடித்தவர் பர்தமான் மாவட்டத்துக் கிராமத்துப் பையன் ரபி ஹன்ஸ்தா. திறமை வற்றிவிடவில்லை. வென்ற வீரர்களுக்கு மாநில அரசு உடனே அறிவித்தது என்ன? அரசு வேலை.

சரிவின் தொடக்கத்தை ஜகார்த்தா இறுதிக்கு மறுஆண்டான 1963 என்பதா, பாங்காக் வெண்கலத்தின் ஆண்டான 1970 என்பதா என்பதில் என்னால் முடிவுக்கு வர இயலவில்லை. அலுவலக அணிகள் எந்த ஆண்டில் எத்தனை பேரை வேலைக்கு எடுத்தன என்ற கணக்கு ஒரே இடத்தில் திரளும்வரை இக்கேள்வி திறந்தே இருக்கும். பெரிய கிளப்புகளின் வரலாறு நூல்களாகிவிட்டது. ரயில்வே, துறைமுக, ஆலை அணிகளின் வரலாறு வீட்டுப் பரண்களில் கிடக்கிறது. பெரம்பூரிலிருந்து கரக்பூர் வரை ரயில்வேயில் பந்தாடிய பெரியவர்கள் உள்ள குடும்பத்தார் இதைப் படிக்க நேர்ந்தால், அவர்களுடைய நியமன ஆணைகளையும் அணிப் படங்களையும் பழைய காகிதத்தோடு போட்டுவிடாமல் ஓர் ஆய்வு நூலகத்தில் சேர்த்துவிடுங்கள்.