விற்ற மாட்டின் கயிறு

உழவு மாடு, வண்டி மாடு, கறவை மாடு என்னும் பெயர்கள் மாடு செய்யும் வேலையால் வந்தவை. அடிமாடு என்னும் பெயரோ அதற்கு நேரப்போவதைச் சொல்கிறது. வீடும் நிலமும் 'அடிமாட்டு விலைக்குப் போயின' என்று நாம் பேசுகிறோம். அச்சொல்லுக்குப் பின்னே நிற்கும் மாட்டை நினைப்பதில்லை.

அரக்கோணம் வட்டாரத்தில் இறைச்சிக்கென்றே மாடு வளர்த்தவர் அரிது. ஏரிலும் வண்டியிலும் கவலையிலும் பல்லாண்டு உழைத்த காளைதான், பல் தேய்ந்து கால் தளர்ந்தபின் சந்தைக்குப் போயிற்று. எனவே பாசம் வேரூன்றப் போதிய காலம் இருந்தது. பெயரிட்டு அழைத்த மாடு. தைத் திங்களில் கொம்புக்கு வண்ணம் தீட்டிப் பொங்கலூட்டிய மாடு. சந்தையில் அதன் விலை துண்டின் மறைவில் விரல்களால் பேசப்படும். பேச்சு முடிந்தபின் மாட்டைக் கொடுப்பார்கள், கயிற்றைக் கொடுக்கமாட்டார்கள். பழைய கயிறு தொழுவத்துக்கே திரும்பும். கயிற்றோடு திருமகளும் போய்விடுவாள் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். வெறுங்கையோடு வீடு திரும்ப மனம் ஒப்பாததும் ஒரு காரணமாயிருக்கலாம் என்றே நமக்குத் தோன்றுகிறது. வாங்குபவர் எதற்காக வாங்குகிறார் என்பதை விற்பவர் கேட்பதில்லை. கேட்டால் விற்க முடியாது.

இந்தப் பாசம் நேற்று வந்ததன்று. அரக்கோணத்தைப் போலவே பழைய வட ஆர்க்காட்டைச் சேர்ந்த செங்கம் பகுதியில், எடுத்தனூர் என்னும் ஊரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. தன் எருமைகளைக் காக்கப் பொருது மாண்ட ஒருவனுக்காக 7ஆம் நூற்றாண்டில் நிறுத்திய கல் அது. கள்வர் இருவரைக் கடித்து அவனருகே காத்துநின்ற நாயையும், கோவிவன் என்னும் அதன் பெயரோடு, அக்கல் நினைவுகூர்கிறது. இன்னொரு பக்கம், கவர்ந்த ஆவை உண்ட மழவரைப் பற்றி அகநானூறு பேசுகிறது. ஆக, அன்றே காத்தவன் வேறு, உண்டவன் வேறு. நாத்தான் இறைவாக்கினர் தாவீதிடம் சொன்ன கதையிலும் அப்படித்தான்: ஆட்டுக்குட்டியை மகளைப்போல் வளர்த்தவன் ஏழை; அதை அடித்து விருந்து வைத்தவன் செல்வன். தென்சூடானில் வாழும் நூவர் மக்களிடம் இப்பிரிவினை இல்லை. இளைஞர்கள் தம் காளையின் பெயரையே தமக்கும் சூட்டிக்கொள்வதையும், சடங்குகளில் தாமே மாட்டைப் பலியிட்டு உண்பதையும் மானிடவியலாளர் இவான்ஸ் பிரிட்சார்டு 1940இல் எழுதினார்.

நம் பகுதியில் அப்பிரிவினையை ஆழப்படுத்தியவை பஞ்சமும் தோல் வணிகமும். 1856 ஜூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து அரக்கோணம் வழியாக வாலாஜா வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் மாடுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தபோது சென்னைத் துறைமுகத்திலிருந்து தோல் ஏற்றுமதி பெருகியது. இராணிப்பேட்டையும் ஆம்பூரும் வாணியம்பாடியும் தோல் பதனிடும் ஊர்களாய் வளர்ந்தன. தோலை விற்றவர் கையில் பணம் சேர்ந்தது; அதை உரித்தவர் கை தீட்டாயிற்று. செத்த மாட்டை அகற்றும் வேலையைச் சேரிமக்கள் தலையில் சுமத்திய ஊர், அந்த இறைச்சியை உண்டதற்காகவே அவர்களை இழிந்தோர் என்றது. நம் பங்குகளில் பலருடைய பாட்டன்மார் அவர்களே. கிழமாட்டை விற்றுக் காசாக்கியவருக்கு மட்டும் எந்த இழிவும் வரவில்லை என்பது நம்மை உறுத்துகிறது.

பின்னர்ச் சட்டம் வந்தது. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், 10 வயது கடந்து உழைக்கவும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாட்டை அடிக்கலாம் என்றது. 1976இல் பசுவதையை அரசாணை தடுத்தது. 2017 மே 23ஆம் நாள் மைய அரசு வெளியிட்ட விதிகளோ, மாட்டுச் சந்தையில் விற்பவர் 'இது வெட்டுவதற்கன்று' என்று எழுதித் தரவேண்டும் என்றன. துண்டுக்கடியில் தலைமுறை தலைமுறையாய்ப் பேசாமல் விட்டதை உழவர் கையொப்பமிட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு வாரத்தில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதை நிறுத்திவைத்தது. ஜூலையில் உச்சநீதிமன்றம் அத்தடையை நாடு முழுமைக்கும் விரித்தது.

இப்போது டிராக்டர் உழுகிறது. காளைக்கு ஏரில் வேலையில்லை. கலப்பினப் பசு ஈனும் ஆண் கன்றுக்குத் தீனி போட்டு வளர்ப்பவர் குறைவு. பெயர் வைக்குமுன்பே பல கன்றுகள் விலையாகிவிடுகின்றன.