நூற்றுக்கு எத்தனை? – எஸ்.எஸ்.எல்.சி. தேர்வும் நம் மக்களும்

ஆண்டுதோறும் மே திங்களில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்தவுடன் தலைமையாசிரியர்களாகிய நம்மை நோக்கி முதலில் எழும் வினா, ‘நூற்றுக்கு எத்தனை?’ என்பதே. கல்வி அலுவலகத்தில் கேட்கின்றனர், பெற்றோர் கேட்கின்றனர், மலையடிவாரத்துத் தேநீர்க் கடையிலும் கேட்கின்றனர். அந்த நூறு என்பது யார் யாரை எண்ணி வந்த நூறு என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. நம் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென அன்பர்கள் பணித்தபோது, அந்தக் கேள்வியின் வரலாற்றை எழுதுவதே தக்கது எனக் கருதினோம்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ஆம் ஆண்டில் தோன்றியது. அது நடத்திய மெட்ரிகுலேஷன் தேர்வே நெடுங்காலம் உயர்கல்வியின் வாயிலாக இருந்தது. அதன் இடத்தை எஸ்.எஸ்.எல்.சி. முறை பிடிக்கத் தொடங்கியது 1911-ஐ ஒட்டி. அதே 1911 ஏப்ரலில்தான் சித்தூர் மாவட்டம் உருவாகித் திருத்தணியும் அதனுள் அடங்கிற்று. தொடக்கக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் தேர்ச்சி, தோல்வி என்னும் சொற்களுக்கு முதன்மை இல்லை. மதிப்பெண்களைக் குறித்துக் கொடுப்பர். கல்லூரியில் சேரத் தகுதி உண்டா இல்லையா என்பதே கேள்வி. தகுதி பெறாதவரும் படிப்பை முடித்தவரே. ஆனால் ஊர் வழக்கில் அவர் ‘பெயில்’ ஆனவர்தான். அச்சிட்ட தாளில் இல்லாத சொல்லை ஊர் தானே எழுதிக்கொண்டது.

அந்தப் புத்தகத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். பிறந்த நாள், சாதி, அங்க அடையாளம் எல்லாம் அதில்தான் இருக்கும். பிறப்புப் பதிவு இல்லாத நம் வீட்டுப் பிள்ளைகளை, வலக்கையைத் தலைக்குமேல் வளைத்து இடச்செவியைத் தொடச் சொல்லிப் பள்ளியில் சேர்த்த காலம் உண்டு. தலைமையாசிரியர் அன்று வாயில் வந்தபடி எழுதிய தேதியே அவர்களுக்குப் பிறந்த நாள் ஆயிற்று. பின்னாளில் ஓய்வு பெறும் நாளும் அதை வைத்தே கணக்கிடப்பட்டது.

அந்தத் தேர்வுவரை வந்து சேர்ந்தவர் யார்? 1893-இல் சென்னை அரசாங்கம் ‘பஞ்சமர்’ கல்விக்கெனத் தனி ஆணை பிறப்பித்தது. 1919-க்குப் பின் தொழிலாளர் துறை பல சேரிகளில் பள்ளிகளைத் திறந்தது. ‘லேபர் ஸ்கூல்’ என்று முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் அந்த மரபில் வந்தவையே. எனினும் அவை பெரும்பாலும் தொடக்கப் பள்ளிகள். அவற்றுக்குமேல் படிக்க வேண்டுமாயின் ஊருக்குள் உள்ள பள்ளிக்கோ, தொலைவிலுள்ள நகரத்துக்கோ போதல் வேண்டும். இவ்வூரில் 1888-இல் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணன்கூட, மேற்கல்விக்குத் திருப்பதி, வேலூர், சென்னை என ஊர் ஊராகச் சென்றே படித்தார். உதவித்தொகைகளும் துணை நின்றன. எந்த வீதியும் அவருக்குத் தடையன்று. வீதியே தடையாயிருந்த பிள்ளைகள் ஐந்தாம் வகுப்போடு நின்றதில் வியப்பென்ன?

நூற்றுக்கு எத்தனை என்று கேட்போர் ஒரு மதிப்பெண்ணை நினைவிற் கொள்ளுதல் நலம். அண்ணல் அம்பேத்கர் 1907-இல் பம்பாயில் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து மெட்ரிகுலேஷன் தேறினார். பெற்றது 750-க்கு 282. நூற்றுக்கு 38-ஐக்கூட எட்டவில்லை. ஆறே ஆண்டுகளில், 1913-இல், அவர் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். நம் பள்ளியில் அப்படியொரு மதிப்பெண் பெற்றவனை இன்று எந்தப் பட்டியலில் வைப்போம் என்பதை ஆசிரிய நண்பர்களின் எண்ணத்துக்கே விடுகிறோம்.

1944-இல் இந்திய அரசாங்கம் தாழ்த்தப்பட்டோருக்கான உயர்கல்வி உதவித்தொகையைத் தொடங்கியது. ‘மெட்ரிக்குக்குப் பிந்தைய’ உதவி என்பது அதன் பெயர். அந்தப் பெயரே செய்தியைச் சொல்லிவிடுகிறது. வாயிலைக் கடந்தவனுக்கு உண்டு. வாயிலில் நின்றுவிட்டவனுக்கு இல்லை.

இனி நம் எல்லைக் கதைக்கு வருவோம். 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அதிற் சேர்ந்தது. ம.பொ.சி. முதலியோர் நடத்திய கிளர்ச்சிக்கும் படாஸ்கர் அவர்களின் பரிந்துரைக்கும் பின், 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. காமராசர் ஆட்சி 1956-இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும், கட்டணமில்லாக் கல்வியின் விரிவும் நம்மூரை எட்டியது அதன் பின்னரே. ஒரே மாநிலத்தின் வரலாறு என்று நூல்களில் படிப்பதை நாம் சில ஆண்டுகள் பிந்திப் பெற்றோம். இதனை எழுதிவைப்பார் குறைவு.

மொழிச் சிக்கலும் தொடர்ந்தது. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிற்று. அது 2016-இல் பத்தாம் வகுப்பை எட்டியபோது, தெலுங்கு முதலிய சிறுபான்மை மொழிகளில் பயின்றோர் உயர்நீதிமன்றம் சென்று விலக்குப் பெற்றனர். வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழுமாக வளரும் நம் அருந்ததியர் குழந்தைகளுக்கோ அந்த விலக்கால் பயனொன்றுமில்லை. அவர்கள் இரண்டு மொழியிலும் தடுமாறி, இரண்டிலும் தேறவேண்டியிருக்கிறது.

1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தது. 1980-இல் முதல் பிளஸ் டூ தேர்வு நடந்தது. பதினோராம் வகுப்பின் இறுதியில் இருந்த எஸ்.எஸ்.எல்.சி. பத்தாம் வகுப்புக்கு இறங்கிற்று. அக்காலத்தில் முடிவுகள் நாளிதழில் எண்களாக வரும். படிக்கத் தெரிந்த ஒருவரைச் சுற்றித் தெருவே கூடும். எண் இல்லையெனில் செப்டம்பர்த் தேர்வு. அதுவும் இல்லையெனில் செங்கற்சூளை, கரும்பு வெட்டு. 1981-இல் தமிழ்நாட்டு ஆதிதிராவிடரில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குச் சுமார் 30 பேர். 2011-இல் 73 பேர். இது சிறிய வளர்ச்சியன்று. இன்று தேர்ச்சியில் பெண்பிள்ளைகள் ஆண்டுதோறும் ஆண்பிள்ளைகளை முந்துகின்றனர். நம் தெருக்களிலும் அப்படியே.

ஆயினும் கணக்கில் ஓட்டை உண்டு. எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை. எனவே வடிகட்டும் வேலை ஒன்பதில் நடக்கிறது. நூற்றுக்கு நூறு வேண்டுமென்ற ஆசையால், ‘இவன் தேறமாட்டான்’ என்று தோன்றுபவனை ஒன்பதிலேயே நிறுத்துவதும், மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு தனித்தேர்வராக எழுதச் சொல்வதும் சில இடங்களில் உண்டு. அரைகுறை விழுக்காட்டோடு நின்றதற்காக நாமும் கூட்டமொன்றில் எழுந்து நிற்கவைக்கப்பட்டோம். அந்த ஆண்டு நம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் ஒருவரையும் நிறுத்தவில்லை. போதாக்குறைக்குச் சூளைக்குச் செல்லும் குடும்பங்கள் தை பிறந்ததும் பிள்ளைகளோடு கிளம்பிவிடுகின்றன. திருவாலங்காட்டுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டும் பருவமும் தேர்வுக் காலத்தோடு மோதுகிறது.

2020, 2021 ஆகிய ஆண்டுகளில் கொரோனா நோயால் பொதுத்தேர்வு கைவிடப்பட்டு, அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அரசு அறிவித்தது நினைவிருக்கும். கணக்கு, ஆங்கிலம் என்ற அச்சம் எதுவும் அப்போது இல்லை. பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருந்தாற் போதும். அந்த ஆண்டுகளிலும் எஸ்.எஸ்.எல்.சி. பெறாத பிள்ளைகள் நம் தெருக்களில் இருக்கின்றனர். அவர்களைத் தடுத்தது வினாத்தாள் அன்று. பதிவேட்டில் பெயர் இல்லாமையே.

நம் சங்கம் ஆண்டுதோறும் முதல் மதிப்பெண் பெற்றோருக்குப் பரிசளித்து வருகிறது. அது தொடரட்டும். அதனோடு ஒரு பேரேடும் வைக்கவேண்டுமெனச் செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறோம். வரும் ஜூனில் ஆறாம் வகுப்பிற் சேரும் நம் பிள்ளைகள் அனைவரின் பெயரையும் தெருவாரியாக அதில் எழுதவேண்டும். ஐந்தாம் ஆண்டு மார்ச்சில் தேர்வுக்கூடச் சீட்டு வாங்கியவர் பெயர்களோடு ஒப்பிட்டு, விடுபட்டவர் வீட்டுக்கு இருவர் சென்று விசாரித்து வரவேண்டும். முதல் ஏட்டை வாங்கிக் கோடிட்டு வைத்திருக்கிறோம். மேட்டுத் தெருவின் பெயர்களை எழுதித் தர இளைஞர் இருவர் இசைந்துள்ளனர்.