சுவருக்குச் சுண்ணாம்பு, வயலுக்குக் கரம்பை

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயிலுக்குப் போனால் சிலையைவிட முதலில் காரையைத்தான் பார்ப்பேன். மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவனுக்கு அந்தப் பழக்கம் விடாது. திருமலை நாயக்கருக்கு (1623–1659) இங்கேதான் வயிற்றுவலி தீர்ந்தது என்பார்கள். அவர் காலத்துக் கட்டடத்துக்குச் சுண்ணாம்புதான் உயிர். கரிசல் காட்டில் உழும்போது கொழுவில் தட்டுகிற சுக்கான் கல்லைக் காளவாசலில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தது நம் பக்கத்துப் பழைய தொழில்.

அந்தச் சுண்ணாம்பு சுவருக்குப் போனது, வயலுக்குப் போகவில்லை. ஏனென்று இன்றும் விவசாயிகள் கேட்கிறார்கள். ஒரு சிட்டிகைக் கரிசல் மண்ணைப் பீங்கானில் வைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விட்டுக் காட்டுவேன். சுர்ரென்று நுரைக்கும். மண்ணில் ஏற்கெனவே சுண்ணாம்பு இருக்கிறது, அதுவும் வேண்டிய மட்டும்.

பிற இடத்துக் கதை வேறு. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் எட்மண்ட் ரஃபின், புளித்துப்போன தன் நிலத்தில் கிளிஞ்சல் கலந்த சுண்ணாம்பு மண்ணைக் கொட்டி விளைச்சலை மீட்டு, 1832இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். நம் நீலகிரியிலும் பெருமழை கால்சியத்தை அரித்துக்கொண்டு போய்விடுவதால், தேயிலைத் தோட்டத்தில் கவாத்துச் சமயம் டோலமைட் தூவுகிறார்கள். புளிப்பைச் சுண்ணாம்பு முறிக்கும். வேரைக் கருக்கும் அலுமினியம் அடங்கும். ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. மழை பெய்கிற நம் பக்கத்துக் கரிசலில் அதே வேலையைச் செய்தால் மணிச்சத்து கட்டிப்போகும், இரும்பும் துத்தநாகமும் பயிருக்கு எட்டாது. நரம்பு மட்டும் பச்சையாக நின்று கடலை இலை வெளுப்பது இரும்பு எட்டாததால்தான். நெல்லுக்கு ஏக்கருக்குப் 10 கிலோ சிங்க் சல்பேட் போடச் சொல்வது துத்தநாகக் குறைக்குத்தான். மேற்கே செண்பகத்தோப்புப் பக்கத்துச் சரளையில் நுரை வராத மாதிரிகளும் உண்டு. நுரை வரவில்லை என்பதால் மட்டும் மண் புளிப்பாகிவிடாது; கார அமில நிலை 6க்குக் கீழே இறங்கியிருந்தால்தான் சுண்ணாம்பைப் பற்றி யோசிக்க வேண்டும்.

நம் முன்னோர் வயலுக்குக் கொண்டுபோனது கரம்பை. பங்குனி, சித்திரையில் கண்மாய் வற்றி, வண்டல் ஓடு ஓடாக வெடித்துக் கிடக்கும். கடப்பாரையால் நெம்பி, மாட்டு வண்டியில் அடித்து, வயலில் குவியல் குவியலாகத் தட்டிவிட்டு வருவார்கள். உடனே பரப்ப மாட்டார்கள். கோடை மழை ஒன்று பெய்து கட்டி தானே பூத்து உதிரட்டும் என்று காத்திருந்து, அதன்பிறகே கலைத்து உழுவார்கள். மேட்டிலிருந்து மழை அடித்து வந்த களியும் சாணமும் இலை மட்கும் அதில் சேர்ந்திருக்கும். செம்மண்ணுக்கு ஈரம் பிடிக்கும் சக்தி கூடும். கண்மாய்க்கும் ஆழம் கிடைக்கும். அதோடு கொழுஞ்சித் தழை, அறுப்பு முடிந்ததும் ஆட்டுக்கிடை. 1901இல் தொடங்கிய கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக் கரிசலைப் படிக்க ஆரம்பிப்பதற்கு வெகு காலம் முன்பே இந்த முறை ஊரில் வேரூன்றியிருந்தது.

டிராக்டரும் யூரியாவும் வந்தபின் கரம்பை வண்டி குறைந்தது. 2017இல் கண்மாய் வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு அனுமதித்தபோது எனக்குச் சந்தோஷம். ஆனால் இயந்திரம் மேல்வண்டலோடு நிற்பதில்லை. அடியிலுள்ள சவுடு வரை தோண்டி அதையும் கரம்பை என்று வயலில் தட்டுகிறது. மனசு பதறுகிறது. லாரியில் ஏற்றும் முன் ஒரு கை அள்ளி நனைத்துப் பிசைந்து பாருங்கள். வழுவழுவென்று உருண்டை பிடிக்காமல் நறநறத்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.