வாசித்துக் காட்டலும் ஒப்பமிடலும்

இலங்கையில் கையொப்பத்தின் வரலாறு பெரும்பாலும் காணியின் வரலாறேயாகும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம், எழுத்தில் அமைந்து, நொத்தாரிசினதும் இரு சாட்சிகளினதும் முன்னிலையில் ஒப்பமிடப்படாத காணி விற்பனை செல்லாதென விதித்தது. எழுத்தறியாக் குடியானவனுக்கு இது காவலாயிற்றா, பொறியாயிற்றா என்பது தனித்து ஆராயற்பாலது. நாம் ஈண்டு நோக்குவது 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுகள் கட்டளைச் சட்டத்திலுள்ள ஒரு விதியையே. உறுதியை முடிப்பவர் அதனை வாசிக்க இயலாதவராயின், நொத்தாரிசு அதனை வாசித்துக் காட்டி விளக்கிய பின்னரே அத்தாட்சிப்படுத்தலாம். நடைமுறையில் அவ்வாசிப்பு வெறும் முணுமுணுப்பாகவும் அமைந்திருக்கலாம். எனினும் கடமை நொத்தாரிசின் மேலேயே இருந்தது.

2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இலத்திரனியல் ஒப்பத்திற்குச் சட்டத் தகுதி வழங்கியது. ஓர் ஆவணம் எழுத்தில் இருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனை, தகவல் பின்னரும் பயன்படுமாறு அணுகத்தக்கதாயின் நிறைவேறும் என்கிறது அது. ‘அணுகல்’ என்பது இங்கு சேமித்ததை மீள எடுத்தலையே குறிக்கும். எவரால் வாசிக்க இயலும் என்னும் வினா அங்கு எழவேயில்லை. 1907இல் நொத்தாரிசுமீது சுமத்தப்பட்ட கடமை இச்சட்டத்தில் எவர்மீதும் சுமத்தப்படவுமில்லை.

இவ்விடைவெளி அற்பமானதன்று. விழிப்புலனற்றோர் கணினியிலுள்ள படிவத்தைத் திரைவாசிப்பு மென்பொருளின் வாயிலாகச் செவியால் அறிகின்றனர். படிவம் படமாகப் பிடிக்கப்பட்ட தாளாயின், திரைவாசிப்பான் வாசிப்பதற்கு அங்கு எழுத்தே இல்லை. நம் நாட்டில் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துருவில் அமைந்ததாயின் நிலை இன்னும் விசித்திரமானது. நம் கண்ணுக்கு ‘அம்மா’ எனத் தோன்றுவது, கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறித்தொடரே. இவ்விரு வகை ஆவணங்களையும் எவ்விதக் குறையுமின்றி எண்முறையில் ஒப்பமிடலாம். ஆவணத்தில் ஓரெழுத்து மாறினும் எண்முறை ஒப்பம் அதனைக் காட்டிக்கொடுக்கும். ஒப்பமிட்டவர் அவ்வாவணத்தை அறிந்தாரா என்பதை மட்டும் அது காட்டாது.

அறியாமையை இதற்குச் சாட்டாகக் கூறவியலாது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999இலேயே அணுகல் வழிகாட்டிகளை வெளியிட்டுவிட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 9ஆம் உறுப்புரை தகவல் தொழினுட்பத்தையும் தழுவியது.

படிவத்தை வாசிக்கவியலாத ஒருவர் தமது இரகசியக் கடவுச்சொல்லை அயலவரிடம் ஒப்படைத்து ஒப்பமிடுவிப்பதன்றி வேறு யாது செய்வார்? கணினி அவ்வொப்பத்தை உண்மையானதென ஏற்கும். அயலவர் எதனை வாசித்துக் காட்டினார், எதனை விட்டார் என்பதற்கு அங்கு இரு சாட்சிகளும் இலர்.