கேட்ட நினைவும் கேளாத வரலாறும்: இந்திய வானொலி, தொலைக்காட்சி குறித்த இளமை நினைவுகள்

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்தியாவில் வளர்ந்தோர் தம் இளமையைப் பற்றிப் பேசும்போது வானொலிப் பெட்டியும் தொலைக்காட்சிப் பெட்டியும் தவறாது இடம்பெறுகின்றன. தன்வரலாறுகளிலும் கட்டுரைகளிலும் நாள்தோறும் நிகழும் உரையாடல்களிலும் இந்நினைவுகள் பெருகியுள்ளன. 'அக்காலத்தில் நாடே ஒன்றாகக் கேட்டது, ஒன்றாகப் பார்த்தது' என்பது அவற்றின் பொதுவான சாரம் எனலாம். இக்கூற்று எவ்வளவு பொருந்தும், எவ்விடத்தில் பொருந்தாது, ஒலிபரப்பு வரலாற்றை எழுத முற்படுவோர்க்கு இந்நினைவுகள் எவ்வகையில் சான்றாகும் என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இந்திய அளவிலான சில நிகழ்வுகள் இதற்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

பெட்டியும் உரிமமும்

சென்னையில் 1924ஆம் ஆண்டு தனியார் முயற்சியாகச் சென்னை மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1927இல் இந்திய ஒலிபரப்புக் குழுமம் பம்பாயிலும் கல்கத்தாவிலும் நிலையங்களை அமைத்தது. அக்குழுமம் மூன்றாண்டுகளுக்குள் நொடித்துப்போக, 1930இல் அரசு அப்பணியை ஏற்றது. 1936இல் அது அகில இந்திய வானொலி எனப் பெயர் பெற்றது. நாடு விடுதலை பெற்றபோது இந்தியப் பகுதியில் தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, திருச்சிராப்பள்ளி, லக்னோ ஆகிய ஆறு நிலையங்களே இருந்தன. அவற்றின் ஒலிபரப்பு நிலப்பரப்பில் 2.5 விழுக்காட்டையும் மக்கள்தொகையில் 11 விழுக்காட்டையும் மட்டுமே எட்டியது. ஆகவே, 'நாடே கேட்டது' என்னும் கூற்று 1947ஐப் பொறுத்தவரை பொருந்தாது. வானொலி அன்று நகரத்தாருக்கும் வசதி படைத்தோருக்கும் உரியதாகவே இருந்தது.

வானொலிப் பெட்டி வைத்திருப்போர் அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி உரிமம் பெறவேண்டும். இவ்வுரிமமுறை 1980களின் நடுப்பகுதி வரை நீடித்தது. வீட்டில் பெட்டி இருப்பது அரசின் ஏட்டில் பதியப்பட்ட செய்தியாக இருந்தது என்பதை இன்றைய தலைமுறையினர் அறிந்துகொள்ளல் வேண்டும். பெட்டி இல்லாத வீட்டுச் சிறுவர் அடுத்த வீட்டுத் திண்ணையிலோ, தேநீர்க் கடை வாயிலிலோ, ஊராட்சி மன்றத்துப் பொது வானொலியின்கீழோ நின்று கேட்டனர். கூடிக் கேட்டல் என்று இன்று ஏக்கத்தோடு நினைக்கப்படும் வழக்கம் பெரும்பாலும் பற்றாக்குறையின் விளைவாகும். 1960களில் டிரான்சிஸ்டர் பரவிய பின்னரே கேட்டல் தனிமனிதச் செயலாக மாறத் தொடங்கியது.

திரைப்பாடலும் கொழும்பு வானொலியும்

இளமை நினைவுகளில் முதலிடம் பெறுவது திரைப்பாடல். ஆயின், நினைவும் வரலாறும் மிகுதியாக வேறுபடும் இடமும் இதுவே. 1952 முதல் 1962 வரை நடுவண் செய்தி ஒலிபரப்புத்துறை அமைச்சராக இருந்த பா. வி. கேஸ்கர் செவ்விசையைப் போற்றியவர். திரையிசையைத் தரங்குறைந்ததாகக் கருதியவர். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கான இடம் மிகவும் சுருங்கியது. இசையைச் சீர்திருத்தும் இப்போக்கு அவருக்கு முன்னரும் இருந்ததே. 1940இல் ஆர்மோனியம் வானொலியிலிருந்து விலக்கப்பட்டது. அத்தடை 1970களின் தொடக்கத்தில்தான் ஓரளவு தளர்த்தப்பட்டது.

அரசு மறுத்ததை இலங்கை வானொலியின் வணிக ஒலிபரப்பு வழங்கியது. 1952இன் இறுதியில் அமீன் சயானி தொகுத்தளித்த 'பினாக்கா கீத்மாலா' தொடங்கியது. பம்பாயில் பதிவுசெய்யப்பட்டுக் கொழும்புக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து சிற்றலையில் இந்தியாவை அடைந்த இந்நிகழ்ச்சி புதன்கிழமை இரவுகளைத் தனதாக்கிக்கொண்டது. இந்தி பேசும் மாநிலங்களுக்கு அது எவ்வாறோ அவ்வாறே தமிழகத்திற்கு இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை அமைந்தது. போட்டியை எதிர்கொள்ள அகில இந்திய வானொலி 1957 அக்டோபர் 3ஆம் நாள் 'விவித் பாரதி'யைத் தொடங்கியது. 1967இல் அதில் விளம்பரங்களும் இடம்பெறலாயின. 1989இல் கீத்மாலாவே விவித் பாரதிக்கு வந்து சேர்ந்தது. அமீன் சயானி 2024ஆம் ஆண்டு மறைந்தபோது, நாடு முழுவதும் பலர் தம் இளமைக்கால வானொலியை நினைவுகூர்ந்தனர்.

இதனால் அறியலாகும் உண்மை ஒன்று உண்டு. 'நம் வானொலி' என நினைவில் தங்கிய இனிமையின் ஒரு பெரும்பகுதி அண்டைநாட்டு வானொலியால் வழங்கப்பட்டது. அதுவும் நம் அரசின் விருப்பத்திற்கு மாறாக. இவ்விரு வானொலிகளும் கேட்டோர் மனத்தில் காலப்போக்கில் ஒன்றாகக் கலந்துவிடுவது இயல்பே. அவற்றைப் பிரித்தறிதல் வரலாற்றாசிரியன் கடமையாகும்.

நேயர் கடிதங்களும் இங்குக் குறிக்கத்தக்கன. இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்திலுள்ள ஜும்ரி தலையா அப்பிரகச் சுரங்க வணிகத்தால் வளர்ந்த சிற்றூர். அங்கிருந்து பாடல் வேண்டி அஞ்சலட்டைகள் வந்து குவிந்தமையால் அவ்வூர்ப் பெயர் நாடறிந்ததாயிற்று. அப்படி ஓர் ஊர் உண்மையில் உண்டோ என ஐயுற்றோரும் உளர். தம் பெயர் காற்றில் ஒலிப்பதைக் கேட்க ஓர் அஞ்சலட்டை போதும் என்னும் நிலை, அதுவரை எவ்வகைப் பொதுமேடையும் வாய்க்காத மக்களுக்கு ஒரு தகுதியை அளித்தது.

கேட்போர் நினைவின் வலிமை

நினைவு என்பது கழிந்ததைப் போற்றும் மென்மையான உணர்வு மட்டுமன்று. அது நிறுவனங்களையே பணியவைக்கும் ஆற்றலுடையது. வங்காளத்தில் மகாளய அமாவாசை விடியலில், நான்கு மணியளவில் கல்கத்தா வானொலி ஒலிபரப்பும் 'மகிஷாசுர மர்த்தினி' இதற்குச் சிறந்த சான்று. பாணிகுமார் எழுத, பங்கஜ் மல்லிக் இசையமைக்க, வீரேந்திர கிருஷ்ண பத்ரா ஓதிய இந்நிகழ்ச்சி 1930களின் தொடக்கத்தில் பிறந்தது. பல ஆண்டுகள் கலைஞர்கள் நிலையத்தில் கூடி நேரடியாகவே நிகழ்த்தினர். பின்னரே பதிவு ஒலிபரப்பாயிற்று.

1976ஆம் ஆண்டு அதனை நீக்கிவிட்டுப் புகழ்பெற்ற திரைக்கலைஞர் உத்தம் குமார் பங்கேற்ற புதிய நிகழ்ச்சி ஒலிபரப்பப்பட்டது. அது நெருக்கடிநிலைக் காலம். செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டிருந்தன. அக்காலத்திலும் நேயர்களின் எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. பழைய நிகழ்ச்சியை வானொலி மீண்டும் ஒலிபரப்ப நேர்ந்தது. இருளில் எழுந்து தாய் தந்தையருடன் அமர்ந்து கேட்ட குரலை விட்டுக்கொடுக்க வங்காளியர் மறுத்தனர். கேட்போரின் நினைவு ஓர் அரசு நிறுவனத்தின் முடிவை மாற்றியது என்பதே இதன் வரலாற்றுச் சிறப்பு.

ஒலிபரப்பும் மொழியும்

வானொலி மொழிகளுக்குப் புதிய சிக்கல்களைத் தோற்றுவித்தது. கண்ணால் படிக்கும் உரைநடை வேறு. ஒருமுறை மட்டும் காதில் விழுந்து மறையும் உரைநடை வேறு. எச்சொல்லைத் தேர்வது என்பது அரசியல் வினாவாகவும் ஆயிற்று. 1940களின் தொடக்கத்தில் இந்துஸ்தானிச் செய்தியறிக்கைக்கெனச் சொற்றொகுதி ஒன்றை உருவாக்கும் பணியில் இந்தி எழுத்தாளர் வாத்ஸ்யாயன் அக்ஞேயரும் உருது எழுத்தாளர் சிராக் ஹசன் ஹஸ்ரத்தும் ஈடுபடுத்தப்பட்டனர். இரு சாராருக்கும் பொதுவான மொழியைச் சமைக்கும் அம்முயற்சி நிலைபெறவில்லை. இந்தியும் உருதும் தனித்தனி அறிக்கைகளாயின.

'ஆகாசவாணி' என்னும் பெயர் 1935இல் மைசூரில் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி நடத்திய நிலையத்தால் வழங்கப்பட்டு, 1957இல் அகில இந்திய வானொலிக்கு உரியதாயிற்று. தமிழ் மக்களோ 'வானொலி' என்னும் சொல்லையே தமதாக்கிக்கொண்டனர். 'ஒலிபரப்பு', 'ஒளிபரப்பு' என லகர ளகர வேறுபாட்டால் இரு ஊடகங்களையும் பிரித்துக் காட்டும் வாய்ப்பும் தமிழுக்குக் கிட்டியது. உழவர் வழக்கில் வானொலி விட்டுச்சென்ற தடயமும் உண்டு. 1960களின் பிற்பகுதியில் திருச்சி நிலையம் பரப்பிய ஆடுதுறை 27 என்னும் நெல்வகை தஞ்சைப் பகுதியில் 'ரேடியோ நெல்' என்றே அழைக்கப்பட்டது. தில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமியின் குரலைக் கேட்டுச் சொற்களைப் பிழையற ஒலிக்கக் கற்ற சிறுவர் பலர். பள்ளிக்கு வெளியே செம்மையான பேச்சுத்தமிழ் நாள்தோறும் காதில் விழுந்த இடம் அதுவே.

தொலைக்காட்சி: இருவேறு இளமைகள்

1959 செப்டம்பர் 15ஆம் நாள் தில்லியில் ஆய்வு முயற்சியாகத் தொடங்கிய தொலைக்காட்சி, 1972இல்தான் இரண்டாம் நகரமாகிய பம்பாயை அடைந்தது. 1975இல் கல்கத்தா, சென்னை, லக்னோ ஆகிய நகரங்களும் அதனைப் பெற்றன. அடுத்த ஆண்டு அது வானொலியினின்று பிரிந்து 'தூர்தர்ஷன்' ஆயிற்று.

அதே 1975 ஆகஸ்டு முதல் 1976 சூலை வரை செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சி ஆய்வு நடைபெற்றது. அமெரிக்க விண்வெளி நிறுவனம் ஓராண்டுக்கு அளித்த ஏ.டி.எஸ். 6 என்னும் செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்கள் நிகழ்ச்சிகளைப் பெற்றன. காலை நேரம் பள்ளிச் சிறுவர்க்கும் மாலை நேரம் ஊர்மக்களுக்கும் உரியதாக இருந்தது. இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளில் அவை அமைந்தன. நகரச் சிறுவர் பலர் காணாத தொலைக்காட்சியை இச்சிற்றூர்ச் சிறுவர் கண்டனர். ஓராண்டு முடிந்ததும் செயற்கைக்கோள் விலக்கிக்கொள்ளப்பட்டது. தரைவழி நிலையம் அமைந்த சில பகுதிகள் தவிர ஏனைய ஊர்களில் பெட்டிகள் வாயடைத்துப் போயின. கைக்கு எட்டிய கல்விக் கருவியை இழந்த அவ்விளமையைப் பற்றி எழுதியோர் அரியர்.

பரவலாக எழுதப்படுவது அதற்குப் பிந்திய இளமையே. 1982 ஆகஸ்டு 15இல் தேசிய ஒளிபரப்பும் வண்ணமும் வந்தன. அவ்வாண்டு இறுதியில் தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. 1984 சூலையில் மனோகர் சியாம் ஜோஷி எழுதிய 'ஹம் லோக்' தொடங்கியது. 1987 சனவரி முதல் ஞாயிறு காலைகளில் இராமானந்த சாகரின் 'இராமாயண'மும், 1988 அக்டோபர் முதல் பி. ஆர். சோப்ராவின் 'மகாபாரத'மும் ஒளிபரப்பாயின. மகாபாரதத்தின் உரையாடலை எழுதியவர் உருதுப் புலமையாளரான ராஹி மாசூம் ரஸா என்பது குறிக்கத்தக்கது. இந்தி அறியாத தமிழ்ச் சிறுவரும் கதையறிவைத் துணைக்கொண்டு இவற்றைக் கண்டனர்.

ஒரே நேரத்தில் ஒரே நிகழ்ச்சியை நாடு கண்டது இக்காலத்தில்தான். ஆயின், அது வேறு அலைவரிசை இன்மையால் நேர்ந்த ஒருமை. ஒருமொழிக்கு முதன்மை அளித்த ஒருமை. 1990களின் தொடக்கத்தில் செயற்கைக்கோள் அலைவரிசைகள் வந்தவுடன் அது கலைந்தது. தமிழில் தனி அலைவரிசைகள் விரைந்து வேரூன்றியமை, அதற்கு முன் நிலவிய நிறைவின்மையையே காட்டுகிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, இளமை நினைவுகள் கேட்ட நேரம், இடம், குரல், உடனிருந்தோர் ஆகியவற்றில் நம்பத்தக்கன. யார் ஒலிபரப்பினர், ஏன் ஒலிபரப்பினர் என்பனவற்றை அவற்றால் மட்டும் அறிதல் இயலாது. இரண்டாவது, பெட்டி இல்லாதோர், அலை எட்டாத ஊரார், தம் மொழிக்கு இடம்பெறாதோர் ஆகியோரின் நினைவுகள் தொகுப்புகளில் இடம்பெறுவதில்லை. மூன்றாவது, நேரடியாக நிகழ்ந்த ஒலிபரப்புகள் பல பதியப்படவே இல்லை. பதிந்த நாடாக்களும் அழிக்கப்பட்டு மீண்டும் பயன்படுத்தப்பட்டன. அத்தகைய நிகழ்ச்சிகளுக்குக் கேட்டோரின் நினைவே எஞ்சிய ஆவணம்.

1947இல் வானொலி கேட்ட சிறுவர் இன்று எண்பதைக் கடந்தவர்கள். 1975இல் சிற்றூர்ப் பள்ளியில் தொலைக்காட்சி கண்டோர் அறுபதை நெருங்கினர். இவர்தம் நினைவுகளை அவரவர் தாய்மொழியில், அவரவர் பேச்சு வழக்கிலேயே பதிவுசெய்தல் மொழி நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் காலந்தாழ்த்தாது மேற்கொள்ளவேண்டிய பணியாகும். பெட்டி இருந்த வீட்டாரோடு திண்ணைக்கு வெளியே நின்று கேட்டோரையும் அப்பணியில் தேடிச் சென்று வினவுதல் வேண்டும். அவ்வாறு செய்தால்தான் நாடு எதைக் கேட்டது என்பதோடு யார் கேட்கவில்லை என்பதும் வரலாறாகும்.