காதால் பிரித்த மூன்று குருவிகள்

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் செல்போர்ன் என்று ஒரு கிராமம். அங்கே இருந்த பாதிரியார் கில்பர்ட் வைட்டுக்கு (1720-1793) பாதி கவனம் சர்ச்சில் என்றால் மீதி கவனம் தோப்பில்தான். அந்தத் தோப்பில் 'வில்லோ ரென்' என்று ஒரு குட்டிக் குருவி. பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம், ஒரு நிமிஷம் ஓர் இடத்தில் நிற்காது. லின்னேயஸ் 1758-ல் போட்ட பட்டியலில் இது ஒரே இனம்தான்.

வைட்டுக்கு அங்கேதான் இடித்தது. பார்க்க ஒரே குருவி, ஆனால் பாட்டு வேறு வேறு! ஒன்று சிரிப்பது போல் இழுத்துப் பாடுகிறது. இன்னொன்று வெடுக் வெடுக்கென்று இரண்டே சத்தம். மூன்றாவது, உயரமான பீச் மரங்களின் உச்சியில் இருந்துகொண்டு வெட்டுக்கிளி மாதிரி கிரீச்சிடுகிறது.

அந்தக் காலத்தில் பைனாகுலர் வைத்துப் பறவை பார்க்கும் வழக்கம் கிடையாது. சுட்டு எடுத்து மேஜையில் வைத்துத்தான் பார்ப்பார்கள் (பாவம்தான்). 1768 ஆகஸ்டில் தாமஸ் பெனன்ட் என்ற இயற்கை ஆய்வாளருக்கு எழுதிய கடிதத்தில் வைட் வித்தியாசத்தைச் சொல்கிறார். மூன்றும் மூன்று அளவு. சிறியதற்குக் கால் கறுப்பு, மற்ற இரண்டுக்கும் வெளிறிய கால். பெரியதற்கு இறக்கை நுனியில் வெள்ளை. காது முதலில் சொன்னதைக் கண் பிறகு ஒப்புக்கொண்டது, அவ்வளவுதான்.

ஒரு காமர்ஸ் மாணவனாக இதைச் சொல்லாமல் விட முடியாது :) அதே வருஷம் ஏப்ரல் கடிதத்தில் பாடும் குருவி இரண்டரை டிராம், கத்தும் குருவி இரண்டு டிராம், ஆகவே முதலாவது ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் என்கிறார். இரண்டின் மேல் அரை கூடினால் கால் பங்கு ஐயா! ஆனால் கணக்கில் சறுக்கினாலும் குருவியில் சறுக்கவில்லை. மூன்றும் தனித்தனி இனம் என்பதில் இன்று யாருக்கும் சந்தேகமில்லை. நம்ம ஊருக்குக் குளிர்காலத்தில் வரும் பச்சைக் கதிர்குருவி இவற்றின் நெருங்கிய சொந்தம். அதையும் பலர் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

என் வருத்தம் வேறு. வைட் லத்தீன் பெயர் வைக்கவில்லை. அதனால் கறுப்புக் கால் குருவியின் அறிவியல் பெயருக்குப் பக்கத்தில் 1817-ல் பெயர் வைத்த வியேயோவின் பெயர்தான் நிற்கிறது. ஆங்கிலத்தில் அதன் பாட்டை வைத்தே 'சிஃப்சாஃப்' என்கிறார்கள். வியேயோ வைத்தது 'கோலிபிட்டா'. நாணயம் மாற்றித் தருபவர் என்று பொருள். சில்லறை எண்ணுகிற சத்தம் மாதிரி இருக்கிறதாம் அந்தப் பாட்டு. அந்தக் குருவியின் எடையும் ஏறக்குறைய நம்ம 10 ரூபாய் நாணயத்தின் எடைதான்.