காரைக்குடி போறீங்களா? முகூர்த்த தேதி பார்த்து ரூம் போட்டா காசு மிச்சம்!

காரைக்குடி,

கையில் ரெண்டு பை, இடுப்பில் குழந்தை. ராத்திரி 10 மணிக்கு காரைக்குடி பஸ் நிலையத்தில் இறங்கி லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கினாலும் "ரூம் இல்லை" என்ற ஒரே பதில்தான். கடைசியில் கிடைக்கும் ஒரு ரூமுக்கு கேட்ட வாடகையை கொடுத்துவிட்டு, மறுநாள் சாப்பாட்டு செலவுக்கு கையை பிசைய வேண்டியதுதான். தேதி பார்க்காமல் முகூர்த்த நாளில் கிளம்பி வரும் குடும்பங்களின் கதி இது.

அதே ரூம், அதே கட்டில். ஆடி மாதம் வந்தால் பேரம் பேசி வாங்கலாம்.

கல்யாணம்தான் சீசன்

ஊட்டி, கொடைக்கானலில் சீசனை முடிவு செய்வது வெயில். 2024-ல் மாநகராட்சியான காரைக்குடியில் முடிவு செய்வது கல்யாணம். நகரத்தார் குடும்பங்களில் பலர் சென்னை, சிங்கப்பூர், மலேசியா என்று எங்கே குடியேறி இருந்தாலும், கல்யாணத்தை செட்டிநாட்டில் உள்ள பூர்வீக வீட்டில்தான் வைக்கிறார்கள். வரும் சொந்தக்காரர்கள் தங்க லாட்ஜில் மொத்தமாக ரூம் போட்டு விடுவார்கள். தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களில் வெளியூர்க்காரர்களுக்கு இடம் கிடைப்பது கஷ்டம்.

இது தவிர மாசி-பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோவில் திருவிழா, தைப்பூசத்துக்கு முன்பு பழனி பாதயாத்திரை, விநாயகர் சதுர்த்தியை ஒட்டி பிள்ளையார்பட்டியில் 10 நாள் விழா, ஜனவரி 1 ஆகிய நாட்களிலும் கூட்டம் அலைமோதும்.

எப்போது வரலாம்?

முகூர்த்தம் இல்லாத ஆடி, புரட்டாசி, மார்கழி மாதங்களில் லாட்ஜ்கள் காற்று வாங்கும். அதிலும் ஆடிதான் நல்ல நேரம். மார்கழியில் அய்யப்ப பக்தர்கள் கூட்டமும், அரையாண்டு லீவு கூட்டமும் வந்து விடும். புரட்டாசியில் பலர் கறி சாப்பிட மாட்டார்கள். செட்டிநாட்டு மெஸ் சாப்பாட்டுக்காகவே வருபவர்கள் அதையும் யோசித்து கொள்ளலாம். எந்த மாதமானாலும் சனி, ஞாயிறை தவிர்த்து திங்கள் முதல் வியாழன் வரை வந்தால் நல்லது.

பழைய செட்டிநாட்டு வீடுகளை ஓட்டலாக மாற்றிய இடங்களுக்கு கணக்கு வேறு. செட்டிநாட்டு கிராமங்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேச பட்டியலில் சேர்ந்தவை. வெளிநாட்டுக்காரர்கள் வரும் நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே வாடகை உச்சத்தில் இருக்கும். கோடையிலும் ஆடியிலும் இறங்கும். இறங்கினாலும் சாமானியர்களுக்கு அது எட்டாத விலைதான். ஆசைக்கு சில ஓட்டல்களில் முன்கூட்டியே சொல்லி மதியம் வாழை இலை விருந்து மட்டும் சாப்பிடலாம். விலையை கேட்டுவிட்டு சொல்லுங்கள்.

எங்கே தங்குவது?

புதிய பஸ் நிலையத்தை சுற்றியும், 100 அடி ரோடு, செக்காலை ரோடு பகுதிகளிலும் தங்கினால் ஆட்டோ செலவு மிச்சம். கொப்புடையம்மன் கோவில், கண்ணதாசன் மணிமண்டபம் எல்லாம் ஊருக்குள்ளேயே உள்ளன. செல்போன் ஆப்பில் "நகரின் மையம்" என்று போட்டிருப்பார்கள். வந்து பார்த்தால் பைபாசில் இருக்கும். பணம் கட்டும் முன்பு லாட்ஜுக்கு போன் போட்டு, "பஸ் நிலையத்தில் இருந்து நடந்து வர எத்தனை நிமிஷம்?" என்று கேட்டுவிடுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு

* ரூமை நேரில் பாருங்கள். குழாயில் தண்ணீர், பாத்ரூம் தாழ்ப்பாள், கொசு வலை, பேன் நாலையும் சரி பாருங்கள்.

* பஸ் நிலையம் பக்கம் விடிய விடிய ஹாரன் சத்தம். பின்பக்க ரூமாக கேளுங்கள்.

* 24 மணி நேர கணக்கா, மதியம் 12 மணிக்கு காலி செய்யணுமா என்று கேளுங்கள். ராத்திரி வருபவர்களுக்கு 24 மணி நேர கணக்குதான் லாபம்.

* குழந்தைகளுக்கும், கூடுதல் பாய்க்கும் தனி காசு உண்டா என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

* 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை ரூ.7 ஆயிரத்து 500 வரை உள்ள ரூம்களுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாக குறைந்தது. ரூ.1,000 வாடகை என்றால் வரி ரூ.50 தான். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத லாட்ஜ் வரி என்று எதுவும் வாங்க கூடாது. பில் கேட்டு வாங்குங்கள்.

* பெரியவர்கள் எல்லோரும் ஆதார் அட்டை எடுத்து வாருங்கள்.

2 நாள் போதும்

முதல் நாள் மதுரை ரோடு. குன்றக்குடி முருகன் கோவிலும், பிள்ளையார்பட்டி கற்பக விநாயகர் குடைவரை கோவிலும் ஒரே திசையில் உள்ளன. காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் பார்த்துவிடலாம்.

இரண்டாம் நாள் திருச்சி ரோடு. கானாடுகாத்தானில் செட்டிநாடு அரண்மனையை வெளியில் இருந்துதான் பார்க்க முடியும். நுழைவு கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடும் பெரிய வீடுகள் பக்கத்திலேயே உண்டு. அதே ரோட்டில் மேலே போனால் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம். அங்கே 1687-ல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை உள்ளது. நேரம் இருந்தால் ஆத்தங்குடிக்கும் போகலாம். கண்ணாடி மேல் கலரும் சிமெண்டும் ஊற்றி கையாலேயே பூக்கல் செய்வதை கண்ணால் பார்க்கலாம்.

சாயங்காலம் ஊருக்குள் திரும்பி வெள்ளை பணியாரமும் கார சட்னியும் சாப்பிட்டு ரூமுக்கு போனால், பிள்ளைகளுக்கும் சந்தோஷம், பர்சுக்கும் சந்தோஷம்.

ஊருக்கு கிளம்பும் முன்பு சுவரில் தொங்கும் தினசரி காலண்டரை ஒரு தடவை புரட்டுங்கள். முகூர்த்த நாள் என்று போட்டிருந்தால், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.